அடிக்காமல் விட்ட துக்க மணி

பிள்ளைகளே, நீங்கள் இரண்டு பேரும் உபதேசியார் வேலைக்கே வருவீர்கள் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. பெரியவன் உள்நாட்டுக் கிராமம் ஒன்றில் கோயிலைப் பார்த்துக்கொள்கிறான். சின்னவள் இராமநாதபுரத்தில் பிள்ளைகளுக்கு ஞான உபதேசம் சொல்லிக்கொடுக்கிறாள். “எங்களோடு வேலை பார்க்கிறவர்களுக்கும் சேர்த்து ஏதாவது எழுதிக் கொடுங்கள் அய்யா” என்று கேட்டீர்கள். பூசைக்கு என்ன எடுத்து வைப்பது, சாமியார் வராத ஞாயிற்றுக்கிழமை செபத்தை எப்படி நடத்துவது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். அங்கே சொல்லித் தராத ஒன்றை எழுதுகிறேன். அது பொறாமை.

வேலையை விட்டுப் போய்விடலாம் என்று எனக்குத் தோன்றிய நாட்கள் உண்டு. அவற்றில் பசியால் தோன்றியவை கொஞ்சம். பொறாமையால் தோன்றியவைதான் அதிகம்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். மதுரையில் உபதேசியார் பயிற்சி முடித்து, எழுபதுகளின் கடைசியில் புதுமடத்துக்குக் கிழக்கே இருந்த மீனவர் ஊர் ஒன்றுக்கு வந்து சேர்ந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற நாட்களில் கோயில், மணி, செபம், சாவு எல்லாம் என் பொறுப்பு. எனக்கு நல்ல குரல். செபங்களை அழுத்தம் திருத்தமாகச் சொல்வேன். சாவு வீட்டில் நான் செபம் சொன்னால் ஊர் மொத்தமும் கேட்டு அழ வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசையே இருந்தது.

ஆனால் அந்த ஊரில் யாருக்காவது மனசு சரியில்லை என்றால் என்னைத் தேடி வரமாட்டார்கள். சவேரியாயியைத் தேடிப் போவார்கள்.

சவேரியாயி பாசி எடுக்கிறவள். தீவுப் பக்கம் வள்ளத்தில் போய், இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, தண்ணீருக்குள் முங்கிப் பாறையில் இருக்கும் கடல்பாசியைப் பறித்து வரும் பெண்களில் ஒருத்தி. புருசன் இல்லை, பிள்ளை இல்லை. எப்போதும் வாயில் வெற்றிலை. பாசி வியாபாரியிடம் அவள் போடும் சண்டை கோயில் வரைக்கும் கேட்கும். செபம் சொன்னால் பாதியில் மறந்துவிடுவாள். மறந்த இடத்தில், “சரி, உனக்குத் தெரியும்ல ஆண்டவரே” என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவாள். இதைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருமுறை உள்நாட்டிலிருந்து ஒரு விவசாயக் குடும்பம் பஸ் ஏறி வந்து கோயில் வாசலில் நின்றது. நம் மதம் இல்லை, இந்துக்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது, டாக்டரிடமும் காட்டிக்கொண்டுதான் இருக்கிறோம் என்றார்கள். நான் வேட்டியைச் சரி செய்துகொண்டு, செபப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

பிள்ளையின் தகப்பன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கேட்டான்: “சாமி, இங்கன ஒரு பாசிக்கார அம்மா இருக்காகளாமே, அவுக வீடு எது?”

நான் வீட்டைக் காட்டினேன். வேறு என்ன செய்வது? அவர்கள் போன பிறகு நெடுநேரம் கோயில் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். கூட்டின இடத்தையே திரும்பவும் கூட்டுவதைப் பார்த்துவிட்டு உங்கள் அம்மா சொன்னாள்: “மண்ணு தேஞ்சு போகப் போகுது. உள்ள வாங்க.”

அந்த மாதம் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். வயதானவர், அதிகம் பேசமாட்டார். “பொறாமைப்பட்டேன் சாமி” என்றேன்.

“யார் மேலே?”

“பொதுவாத்தான் சாமி.”

“பொதுவாப் பொறாமைப்பட யாராலும் முடியாது. பேரைச் சொல்லு.”

சொன்னேன். “தினமும் அவ பேரைச் சொல்லி மாதாவுக்கு ஓர் அருள் நிறைந்த மந்திரம் சொல்லு. ஆசையா சொல்ல வேணாம். சொன்னாப் போதும்” என்றார்.

எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். அவர் பாவமன்னிப்பு கொடுத்து அனுப்பிவிட்டார். அப்படி அந்த ஊரிலேயே நான் அதிகம் செபித்தது அவளுக்காகத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு செபித்தேன்.

இனி நான் சொல்ல வந்த விசயத்துக்கு வருகிறேன்.

அந்த ஊரில் ஒரு வழக்கம். சாவு விழுந்தால் கோயிலில் துக்க மணி அடிக்க வேண்டும். ஓர் அடி, பிறகு அந்தச் சத்தம் முழுக்க அடங்கும் வரை பொறுத்து அடுத்த அடி. உடம்பு வீட்டிலிருந்து கிளம்பிக் கோயில் வாசலுக்கு வரும் வரைக்கும் அடிக்க வேண்டும். கை விட்டுப் போகும். சில ஊர்களில் உபதேசியார்கள் நடுவில் நிறுத்திக்கொள்வது உண்டு.

கடலில் போய்த் திரும்பாதவனுக்கு உடம்பு கிடையாது. அவனுக்கு அந்த மணிதான் சாவு. தேடிப் போன வள்ளங்கள் வெறுங்கையோடு கரையேறினால், ஊர்ப் பெரியவர்கள் வந்து உபதேசியாரிடம் சொல்வார்கள். அவர் மணியடிப்பார். அடித்ததும் பெண்கள் அவன் பெண்டாட்டியைக் கடற்கரைக்குக் கூட்டிப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்றித் தாலியைக் கழற்றிவிடுவார்கள். கழற்றினது கழற்றினதுதான். அது வரைக்கும் ஊரில் ஒருவரும் தொழிலுக்குப் போகக் கூடாது. மணியடித்து, செபம் முடிந்த பிறகுதான் வள்ளம் இறங்கும்.

வாடைக்காற்றுக் காலத்தில் ஒருநாள் சந்தியாகு என்கிற இளவட்டம் தன் வள்ளத்தில் தனியாகப் போனான். காற்று திடீரென்று முறுக்கிக்கொண்டது. மற்றவர்கள் திரும்பினார்கள், அவன் திரும்பவில்லை. ஊர் முழுக்கத் தேடப் போனது. பாயின் ஒரு கிழிசலும் ஒரு மிதவைக் கட்டையும் கிடைத்தன, ஆள் கிடைக்கவில்லை. தேடினவர்கள் ஒவ்வொருவராகக் கரையேறிவிட்டார்கள். காற்று ஓய்ந்து கடல் நன்றாக இருந்தது. மீன் நிறைய விழுகிற நேரம். பக்கத்து ஊர் வள்ளங்கள் எங்கள் கண் முன்னாலேயே போய் வந்துகொண்டிருந்தன. எங்கள் ஊரில் அடுப்புகள் அணைய ஆரம்பித்தன.

நான் சந்தியாகு வீட்டுக்குச் செபம் சொல்லப் போனேன். அவன் பெண்டாட்டி மரியபுஷ்பம், கல்யாணமாகி வருசம்கூட ஆகாத பெண், சவேரியாயியின் மடியில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். நான் செபம் ஆரம்பித்தேன். அவள் தலையைத் தூக்கவில்லை. சவேரியாயி என்னைப் பார்த்து, “கொஞ்சம் மெதுவா சொல்லுங்க உபதேசியாரே, இப்பத்தான் கண்ணசந்திருக்கா” என்றாள்.

என் குரலை யாரும் அதுவரை அப்படிச் சொன்னதில்லை. நான் செபத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் மத்தியானம் ஊர்த்தலைவர் கோயிலுக்கு வந்தார். கூடவே நாலைந்து பேர்.

“உபதேசியாரே, இனிமே பார்க்கிறதுக்கு ஒண்ணுமில்ல. மணியடிச்சிருங்க.”

“வீட்டுல கேட்டீகளா?” என்றேன்.

“கேட்காமயா? அந்தப் பொண்ணு அவனுக்குச் சோறு எடுத்து மூடி வச்சிட்டு உட்கார்ந்திருக்கு. நாம சொல்லுறது அது காதுல ஏறல. அந்தச் சவேரியாயிதான் குறுக்க வந்து, ‘அவ இன்னும் சோத்துச் சட்டிய மூடி வச்சிருக்கா, அதுக்குள்ள என்ன மணி’ன்னு எங்கள வெரட்டுறா.” தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டார். “எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்த ஊருக்கு உபதேசியார் நீங்களா, அந்தப் பாசிக்காரியா?”

கூட வந்தவர்களில் ஒருவன் சிரித்தான். “அவ வேணாம்னா சாமியாரே மணியடிக்க மாட்டாரு மாமா. இவரு எங்கன அடிப்பாரு?”

பிள்ளைகளே, அந்தச் சிரிப்பு என் காதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நேராக மணிக்கூண்டுக்குள் போனேன். கொக்கியில் சுற்றி வைத்திருந்த கயிற்றை அவிழ்த்து, இரண்டு கையாலும் பிடித்தேன்.

அடிப்பதற்கு எனக்கு நியாயம் இருந்தது, அதை மறந்துவிடாதீர்கள். ஊர் பட்டினி கிடந்தது. தேடியாகிவிட்டது. பெரியவர்கள் முறைப்படி வந்து சொல்லிவிட்டார்கள். யார் கேட்டாலும் நான் செய்தது சரி என்றுதான் சொல்வார்கள். பொறாமைக்கு எப்போதும் ஒரு நல்ல நியாயம் கைக்கு எட்டின தூரத்திலேயே இருக்கும்.

அப்போது வாசலில் நிழல் விழுந்தது. சவேரியாயி. இடுப்பில் ஒரு பிளாஸ்டிக் குடம். கோயில் கிணற்றில்தான் ஊரில் உப்பில்லாத தண்ணீர். வாளியை நான் மணிக்கூண்டுக்குள் வைப்பது வழக்கம். அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள்.

“வாளி எங்கன இருக்கு?” என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். கண்ணால் காட்டினேன். வாளியை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள். தண்ணீர் இறைக்கிற சத்தம் கேட்டது.

நான் கயிற்றைப் பிடித்தபடியே நின்றேன். இழுத்தால் முதல் அடி அவள் காதில்தான் விழும், கிணற்றடியிலேயே கேட்கும் என்று மனசு சொல்லியது. அந்த எண்ணம் வந்ததும், எனக்குள் ஒரு சந்தோசம் எழும்பியது. ஒருத்தன் செத்துவிட்டான் என்று மணியடிக்கப் போகிறவனுக்குச் சந்தோசம் வரலாமா? பயந்துபோனேன்.

அந்த இடத்தில் என்னை நானே ஒன்று கேட்டேன். நீங்களும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இவ்வளவு வருசத்தில் எனக்கு இதைவிட நல்ல கேள்வி கிடைக்கவில்லை. சவேரியாயி வந்து ‘மணியை அடியுங்கள் உபதேசியாரே’ என்று சொல்லியிருந்தால் இப்போது அடிப்பேனா?

மாட்டேன். ‘அந்தப் பெண் இன்னும் சோற்றை மூடி வைத்திருக்கிறாளே, அதற்குள் என்ன அவசரம்’ என்று நானே கேட்டிருப்பேன்.

அப்படியானால் இந்தக் கயிற்றைப் பிடித்திருப்பது என் புத்தி இல்லை. அவள் மேல் எனக்கு இருக்கிற எரிச்சல். சந்தியாகு இருக்கிறானா செத்தானா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கயிற்றைச் சுற்றிக் கொக்கியில் மாட்டினேன். வெளியே வந்து தலைவரிடம், “சாமியாருக்கு ஆள் அனுப்புங்க. அவுக வந்து சொல்லட்டும், அடிக்கிறேன்” என்றேன்.

“அவரு வர்ற வரைக்கும் ஊரு என்ன மண்ணத் திங்குறதா?”

“என் வீட்டுலயும் இன்னைக்குச் சோறு இல்ல தலைவரே.”

அது உண்மை. உங்கள் அம்மா அன்று மரச்சீனிக் கிழங்கைத்தான் அவித்து வைத்திருந்தாள். தலைவர் காறித் துப்பிவிட்டுப் போனார். அதே நேரத்தில் சவேரியாயி குடத்தோடு கிணற்றடியிலிருந்து வெளியே வந்தாள். வாசலில் நின்றவர்கள் அவளைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்த பார்வையின் அர்த்தம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

மறுநாள் ஊர் முழுக்கக் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்க, சந்தியாகு பஸ்ஸில் வந்து இறங்கினான்.

ஆமாம், பஸ்ஸில்தான். வள்ளம் கவிழ்ந்து, கட்டையைப் பிடித்துக்கொண்டு மிதந்து, ஆளில்லாத தீவில் ஒதுங்கியிருக்கிறான். சங்கு குளிக்கப் போன கீழக்கரை முஸ்லிம் ஆட்கள் பார்த்துத் தூக்கிக்கொண்டு போய், கஞ்சி ஊற்றி, காய்ச்சல் தணியும் வரை வீட்டில் வைத்திருந்து, புதுக் கட்டம்போட்ட கைலி ஒன்றைக் கட்டிவிட்டுப் பஸ் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். கைலியோடு இறங்கி நடந்து வருகிறவனை முதலில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.

“ஏலே, யாருலே அது?” என்று ஒரு கிழவர் கேட்டார்.

“நாந்தேன் பெரியப்பா. எல்லாரும் ஏன் இங்கன உட்கார்ந்திருக்கீக? தொழிலுக்குப் போகலையா?”

அதன்பிறகு எழுந்த சத்தத்தை எழுதிக் காட்ட எனக்குத் தெரியாது. மரியபுஷ்பம் ஓடி வந்தாள். அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள், அடித்தாள், அப்புறம்தான் அழுதாள். அவள் கழுத்தில் தாலி கிடந்தது. நான் அந்தத் தாலியையே பார்த்துக்கொண்டு நின்றேன். நேற்று ஒரே ஓர் அடி அடித்திருந்தால் போதும்.

சந்தியாகு பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு நேராகச் சவேரியாயி வீட்டுக்குப் போய் அவள் காலில் விழுந்தான். ஊரே பின்னால் போனது. நான் கோயிலுக்குள் போய்த் தனியாக ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு காது வாசல் பக்கம் இருந்தது, யாராவது வருகிறார்களா என்று.

யாரும் வரவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த வாரம் முடிவதற்குள் ஊரில் ஒரு கதை கிளம்பிவிட்டது. உபதேசியார் மணியடிக்கக் கயிற்றைப் பிடித்துவிட்டாராம். சவேரியாயி குடத்தோடு ஓடிப் போய், ‘இழுத்தா என் மேல ஆணை’ என்று மறித்துவிட்டாளாம். அவள் மட்டும் இல்லையென்றால் அந்தப் பிள்ளை தாலியறுத்திருக்குமாம். தலைவரே இதைச் சொல்லித் திரிந்தார். “நான் அப்பவே நெனச்சேன், இந்த உபதேசியார் அவசரப்படுறாரேன்னு” என்றும் சேர்த்துக்கொண்டார்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை செபம் முடிந்ததும் எல்லாரையும் உட்காரவைத்து நடந்ததைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். உங்கள் அம்மாவிடம் சொல்லியும் காட்டினேன். அவள் மீன் ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

“சொல்லுங்க. ஊரும் நம்பும்.”

“நம்புமா?”

“நம்பும். நம்பிட்டு, ‘பாவம், உபதேசியாரும் பேருக்கு அலையுறாரு’ன்னு பேசிக்கிரும்.”

ஞாயிற்றுக்கிழமை வாசகங்களைப் படித்தேன், செபம் சொன்னேன். வாய் வரைக்கும் வந்தது. முதல் வரிசையில் மரியபுஷ்பம் உட்கார்ந்திருந்தாள், தாலியை இரண்டு விரலால் தடவிக்கொண்டே. இவள் முன்னால் நின்று, இது நான் கொடுத்தது என்று சொல்வதா? அதை முழுங்கிவிட்டு, முடிவுச் செபத்தை ஆரம்பித்தேன்.

ஆனால் மணிக்கூண்டுக்குள் நடந்ததைப் பார்த்த ஒரே சாட்சி சவேரியாயி. அவளாவது ஒருநாள் ஊருக்குச் சொல்வாள் என்று காத்திருந்தேன். மாதங்கள் போய் வருசங்கள் போயின. சந்தியாகுவுக்குப் பிள்ளைகள் பிறந்து, முதல் பெண்ணுக்குச் சவேரியாயி என்றே பேர் வைத்தார்கள். அந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தது நான்தான். தினமும் பாசிக்காரச் சவேரியாயிக்காக அந்த மந்திரத்தையும் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன். ஆனால், இவ்வளவு காலமாக வாயைத் திறக்காமல் என் பேரைத் தின்றுகொண்டிருக்கிறாளே என்ற நினைப்பும் அதோடு சேர்ந்தே வரும்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், சவேரியாயி படுக்கையில் விழுந்தாள். வீட்டுக்கே நன்மை அப்பம் கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒருநாள் சாயங்காலம் வாங்கிக்கொண்ட பிறகு, கண்ணை மூடியபடியே சொன்னாள்:

“உபதேசியாரே, ஒங்களுக்குக் கையி தங்கம்.”

“என்ன திடீர்னு?”

“அன்னிக்கு வாளி எடுக்க வந்தேன்ல. கயித்தப் பிடிச்சுக்கிட்டு நின்னீக. நான் ஒரு சொல்லும் சொல்லல. தண்ணி எறைக்கிறேன், எறைக்கிறேன், மணிச் சத்தமே காணோம். அடேயப்பா, விட்டுட்டாருடான்னு நெனச்சேன்.”

இத்தனை வருசமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேவிட்டேன்: “அப்ப இத ஊருல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே தாயி?”

அவள் கண்ணைத் திறந்தாள்.

“சொல்லலையா? யாருக்குச் சொல்லல! சந்தியாகு வந்து கால்ல விழுந்த அன்னிக்கே சொன்னேன், ‘என் கால்ல எதுக்குடா விழுகுற, உபதேசியார் கால்ல போயி விழுடா’ன்னு. பாசிக்குப் போறப்ப வள்ளத்துல சொன்னேன். தலைவர்கிட்ட சண்டை போட்டுச் சொன்னேன். ஒருத்தன் நம்பணுமே! ‘பாத்தியா, எம்புட்டு அடக்கம் சவேரியாயிக்கு’ன்னு சொல்லிட்டுப் போயிட்டானுக.” வெற்றிலைக் கறைப் பல் தெரியச் சிரித்தாள். “நான் சொல்லச் சொல்ல எனக்குத்தேன் பேரு ஏறுது. நான் என்ன செய்யட்டும்?”

நான் வெளியே வந்து வேலியோரம் நின்று, தனியாகச் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகும் பொறாமை அங்கேயேதான் இருந்தது. உண்மையைச் சொல்லியும் அவளுக்கே பேர் வருகிறதென்றால் மனுசன் என்ன செய்ய முடியும்?

பிள்ளைகளே, பொறாமை போன பிறகு வேலை செய்யலாம் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு அது போகவே இல்லை. கையில் கயிறு இருக்கும்போது அது எந்தப் பக்கம் இழுக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

அந்த மழைக்காலத்திலேயே சவேரியாயி இறந்துபோனாள். துக்க மணி நான்தான் அடித்தேன். கூண்டின் சன்னல் வழியாகப் பார்த்தால், பாசிப் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். சந்தியாகுவைக் காப்பாற்றிய ஆட்கள் கீழக்கரையிலிருந்து வேனில் வந்தார்கள். உள்நாட்டிலிருந்து அந்த விவசாயக் குடும்பமும் வந்தது. காய்ச்சலில் கிடந்த அந்தப் பிள்ளை மீசை வைத்த ஆளாக, தோளில் மாலையோடு வந்துகொண்டிருந்தான். நம் சாவுக்கு இதில் பாதியாவது வருமா என்று ஒரு நினைப்பு வந்தது. கூட்டம் பெரிதானதால் ஊர்வலம் மெதுவாகத்தான் நகர்ந்தது. கோயில் வாசலுக்கு அவள் வந்து சேரும் முன்பே என் தோள்பட்டை விட்டுப் போயிற்று.

ஓர் அடிகூடக் குறைக்கவில்லை.